அம்மனுக்கு நேர்ந்த முடி

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன?”

விமலாவைப் பற்றிப் பேச்சு வந்தாலே பள்ளியில் எல்லாரும் கேட்ட கேள்வி இது. அப்போது பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்த எனக்கும் பதில் தெரியவில்லை.

மம்பாவ் ஊர்ப் பக்கத்து இடைநிலைப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் மீ நூடுல்ஸ் பிரட்டுபவர் விமலா. ஒரே மகன் புனிதன் அங்கேயே ஐந்தாம் படிவம் படித்தான். ஆண்டு முடிவில், பள்ளிப் படிப்பை முடிக்கும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வு. பள்ளி திறந்த சில வாரங்களில் அவனை டிங்கிக் காய்ச்சல் சாய்த்துவிட்டது. டாக்டர்கள் கையை விரித்தபோது, தாங்கள் வாழும் எஸ்டேட் தோட்டத்து மாரியம்மனிடம் விமலா நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தால் ஆடித் திருவிழாவில் முடி இறக்குவது. அதுவரை அவன் தலையில் கத்தி படாது.

பிழைத்தான். முடி வளர்ந்து காலரைத் தொட்டது.

கட்டொழுங்கு ஆசிரியர் முருகேசுவின் சட்டைப்பையில் எப்போதும் கத்திரிக்கோல் இருக்கும். முடி நீண்ட பையனைத் திடலில் எல்லாரும் கூடும் காலைச் சபைகூடலில் முன்னே இழுத்து ஒரு கொத்து வெட்டிவிடுவார். அடுப்படியிலிருந்து விமலா அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறார்.

“ஆடி வரைக்கும் வீட்டுலயே படிய்யா.”

“நான் சார்கிட்ட சொல்லிப் பாக்குறேம்மா.”

“சொன்னா மொத ஆளா உன்னத்தான் இழுப்பாரு. கத்தி பட்டா அம்மன் உன் உசுரத்தான் கேப்பா. வாய மூடு.”

மீ வாங்க வந்த முருகேசு கேட்டார்: “எங்க உங்க ஹீரோ?”

“இன்னும் காய்ச்சல் சார்.”

அவர் போனதும் பாத்திரம் கழுவும் பஞ்சாலை என்ற பெண் சிரித்தாள். “காய்ச்சக்காரன நேத்து லுக்குட் டவுன்ல மோட்டார் சைக்கிள்ல பாத்தேன்லா! முடி பறக்குது, சினிமாக்காரன் கெட்டான்.”

“சத்தமா பேசாதடி,” என்றார் விமலா.

ஆடி வந்தது, திருவிழா வரவில்லை. தோட்டம் வீடமைப்புக்குக் கைமாறி, கோயிலை வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். குடமுழுக்கு முடியும்வரை முடி இறக்க முடியாது என்றார் பூசாரி. வேறு கோயிலுக்குப் போகலாமென்று பஞ்சாலை சொன்னாள். “நேந்தது இவகிட்டயாச்சே,” என்றார் விமலா. புனிதன் லுக்குட்டில் ஒரு மோட்டார் பட்டறையில் சேர்ந்தான்.

பெயர் முன்பே பதிவாகியிருந்ததால், தேர்வு நாள் காலையில் அவன் சீருடை போட்டு, முடியை முடிந்துகொண்டு வாசலில் நின்றான். “போயிட்டு வரட்டாம்மா?”

விமலாவின் கண்ணுக்குப் பள்ளி நுழைவாயிலும் கத்திரிக்கோலும்தான் தெரிந்தன. மோட்டார் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். புனிதன் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தான்.

பொங்கலுக்குப் பிறகு குடமுழுக்கு நடந்தது. மொட்டைத் தலையோடு மகனைப் பள்ளிக்கு அழைத்துவந்து, நடந்ததை எல்லாம் சொன்னார் விமலா.

முருகேசு தலையில் கை வைத்தார். “பரீட்சை மண்டபத்துல முடிய யாரும் பாக்க மாட்டாங்கக்கா. வேற பள்ளி ஆசிரியருங்கதான் நிப்பாங்க. நேர்த்திக்கடன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே விட்டிருப்பேனே!”

“வெட்டுறதுக்கு முன்ன இதுவரைக்கும் யாரையாச்சும் ஏன்னு கேட்டிருக்கீங்களா சார்?”

அவர் கை தானாகச் சட்டைப்பையை மூடியது. பிறகு புனிதனிடம், “தனித்தேர்வரா எழுதலாம்டா, நான் ஏற்பாடு பண்றேன்,” என்றார்.

“பட்டறைக்கு நேரமாச்சு சார்.” மொட்டைத் தலைமேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனான். அம்மாவை ஏற்றிக்கொள்ளவில்லை.

விமலா இன்றும் அங்கேதான் மீ பிரட்டுகிறார். சபைகூடல் நேரத்தில் திடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்.

உங்கள் தோட்டத்திலோ தாமான் குடியிருப்பிலோ நேர்த்திக்கடனுக்கு முடி வளர்க்கும் மாணவன் இருந்தால், அவன் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். கத்திரிக்கோல் வைத்திருக்கும் ஆசிரியரிடமும் சொல்லுங்கள்.