கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அரிசி

யுத்த காலத்தில் அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோவதே குற்றம் மாதிரி ஆகியிருந்தது. குடும்பத்துக்கு நாலு படி வரை தடையில்லை என்று உத்தரவு. அதை நம்பித்தான் ஏரலில் அண்ணன் வீட்டிலிருந்து பழைய அரிசி நாலு படியைப் பையில் கட்டிக்கொண்டு தூத்துக்குடி பஸ் ஏறினேன். டைபாய்டிலிருந்து எழுந்த என் மகளுக்குக் கஞ்சி தவிர எதுவும் வயிற்றில் தங்கவில்லை. ரேஷன் அரிசிக் கஞ்சியோ வாயில் வைத்தாலே குமட்டினாள்.

கொற்கை தாண்டியதும் சோதனைச் சாவடி. பஸ் நின்றபோதே பையை மடியோடு அணைத்துக்கொண்டேன். சரியான அளவுதானே என்று பத்துத் தரம் சொல்லிப் பார்த்தேன், பயம் கேட்டால்தானே.

சேவகர் பையை அவிழ்த்துப் பார்த்தார். "ரெண்டு படிய இங்கன வச்சிட்டுப் போங்கம்மா."

"அளவுக்குள்ளதான் இருக்கு, அண்ணாச்சி. பிள்ளைக்குச் சொகமில்ல."

"அப்ப பையோட எறங்குங்க. அதிகாரி சாயங்காலம் வாராரு, அவருட்ட சொல்லுங்க."

இறங்கினால் பஸ் போய்விடும். பையை நீட்டினேன். அவர் இரண்டு படியை அளந்து எடுத்துக்கொண்டார். நாசரேத்தில் படித்த டீச்சர் புத்தி சும்மா இருக்குமா? ரசீது கேட்டேன். இரண்டு தாளில் எழுதி, இரண்டிலும் என் கையெழுத்து வாங்கி, ஒன்றைக் கொடுத்தார். டிரைவர் ஹாரன் அடித்த அவசரத்தில் படிக்காமலே போட்டேன்.

வக்கீல் குமாஸ்தாவான என் கணவர் அதை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏளா, சர்க்காருக்குச் சேர வேண்டியதுக்கு மேல அதிகாரி வாங்குனா ஒரு குத்தம். ஒண்ணுமே சேர வேண்டாத எடத்துல வாங்குனா அது வேற குத்தம். இந்தக் கரையில முத்துக்குளிக்கிறவன் ராசா காலத்துலருந்து பங்கு குடுக்கான், அது எழுதி வச்ச பங்கு. இது வெறும் பிடுங்கல். நீ சும்மா குடுத்திருந்தா அவன்தான் குத்தவாளி. இந்தத் தாள்ல ஆறு படி கொண்டுவந்தேன், கூடுதல் ரெண்டு படிய ஒப்படைக்கேன்னு எழுதியிருக்கு. கீழ நீ கையெழுத்துப் போட்டிருக்க."

அரிசி கடத்திய டீச்சர் என்று வேலை போய்விடும், ஜெயிலுக்கும் போக வேண்டும் என்று நடுங்கினேன். பள்ளிக்கூட வாசலில் சைக்கிள் நின்றாலே சாக்பீஸ் கைநழுவியது. சேவகரிடம் இருந்த மற்றத் தாளோடு யாரும் வரவில்லை. வராததும் பயமாகத்தான் இருந்தது.

அரிசி தீர்ந்தது. மறுபடி ஏரல் போனேன். திரும்பும்போது சாவடியில் அதே சேவகர் ஏறினார். என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் இறங்கப் போனார். அண்ணன் வீட்டிலேயே இரண்டு படியைத் தனியாக முடிந்து வைத்திருந்தேன். எழுந்துபோய் நானே அதை அவர் கையில் கொடுத்தேன்.