தாம்பரத்துலயே முடிஞ்சுபோற சுடோகு

ஷீலாக்காவைப் பத்திச் சொல்லணும்னா மொதல்ல அந்தப் பேப்பர்காரங்களைத் திட்டணும். அவங்களாலதான் இவ்ளோ பேஜாரும்.

வண்டலூர்ல ஏழு அம்பது வண்டி, லேடீஸ் கம்பார்ட்மென்ட். தபஸ்ஸும்ங்கற நான், ஷீலாக்கா, அவங்க தெருவுல கீற தனம், மூணு பேரும் ஒண்ணாத்தான் ஏறுவோம். எனக்கும் தனத்துக்கும் கிண்டில துணி வெட்டுற கம்பெனி. ஷீலாக்கா சைதாப்பேட்டைல ஒரு லேப்ல ரத்தம் எடுக்கறவங்க. அம்பத்தி ரெண்டு வயசு. அவங்க ஊசி குத்தினா வலியே தெரியாதுன்னு ஜனங்க தேடிகினு வருவாங்க. வண்டில ஒக்காந்ததும் பேப்பரை நாலா மடிச்சு, சுடோகு நம்பர் கட்டத்தைப் பேனாவாலயே போடுவாங்க. தப்பு வந்தா அடிச்சுட்டு, உதட்டைக் கடிச்சுகினு மறுபடியும் போடுவாங்க. குனிஞ்ச தலை நிமிர கிண்டி ஆவும்.

இந்த வருசம் இன்னா ஆச்சோ, பாதிக் கட்டத்தைப் பேப்பர்காரங்களே நெரப்பிக் குடுக்க ஆரம்பிச்சாங்க. தாம்பரத்துலயே முடிஞ்சுபோவுது. ஷீலாக்காவுக்குக் கோவம்னா கோவம். "என்னடி இது, எல்கேஜி பசங்களுக்கா போடறாங்க?" தினம் இதே பாட்டு. ரெண்டு லெட்டர் போட்டாங்க, ஒரு தபா போனும் பண்ணாங்க. "ஈஸியா இருந்தாதான் மேடம் எல்லாருக்கும் பிடிக்குது"ன்னுட்டான் ஒருத்தன்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு நாள் தாம்பரம் தாண்டியும் அவங்க முடிச்ச கட்டத்தையே வெறிச்சுகினு இருந்தாங்க. வெடுக்குனு பேப்பரைப் புடுங்கினேன். "அதான் முடிஞ்சுதில்ல? ஒரு நாளாச்சும் தலையத் தூக்கி வெளிய பாருக்கா, தபஸ்ஸும் சொல்றேன்!"ன்னேன். அவங்க கண்ணை இறுக்க மூடிகினாங்க. பல்லாவரம் தாண்டற வரைக்கும் தொறக்கவே இல்ல.

கிண்டில எறங்கினதும் தனம் என் கையை நறுக்குனு கிள்ளினா. "அறிவு கெட்டவளே! அவங்க புள்ள ஜெர்சன் குரோம்பேட்டை தாண்டித்தான் தண்டவாளத்துல அடிபட்டுச் செத்தான். காதுல போனை வெச்சுகினு கிராஸ் பண்ணான். பத்தொம்பது வயசு. ஒரே புள்ள. மூணு வருசமாவுது."

யா அல்லா! ரெண்டு வருசமா பக்கத்துல ஒக்காந்துகினு வரேன், எனக்குத் தெரியல. பஸ்ல போலாம்னா ஜி.எஸ்.டி. ரோடும் அங்க தண்டவாளத்தை ஒட்டித்தான் போவுது. சாயங்காலம் கூட்டத்துல நின்னுகினு வரும்போது வெளிய ஒண்ணும் தெரியாது. காலைலதான் கண்டம். அந்தக் கட்டம்தான் அவங்களை அந்த எடத்தைத் தாண்டி வுட்டுகினு இருந்துச்சு. அன்னிக்குப் பூரா எனக்கு வேலையே ஓடல. என் வாயை நானே தெச்சுக்கலாமான்னு இருந்துச்சு.

கஷ்டமான புக்கு ஒண்ணு வாங்கிக் குடுக்கலாம். ஏன்னு கேட்டா இன்னா சொல்றது? எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவங்களுக்குத் தெரியக்கூடாது. மறுநாள்லேர்ந்து நான் முந்திப் போயி பேப்பர் வாங்கிட்டேன். பிளாட்பாரத்துல ஓரமா நின்னு, அச்சுல இருந்த ஒரு மூணைக் கறுப்புப் பேனாவால எட்டு ஆக்கினேன். ஒரு நம்பர் மாறினா போதும், தலைகீழா நின்னாலும் கட்டம் சரியா வராது. ஷீலாக்கா வந்ததும் "இன்னைக்கு நானே வாங்கிட்டேங்கா"ன்னு நீட்டினேன்.

குரோம்பேட்டை போச்சு, பல்லாவரம் போச்சு, ஷீலாக்கா நிமிரவே இல்ல. "இன்னைக்குச் செமயா போட்டிருக்கான்டி"ன்னாங்க. "உங்க லெட்டரைப் படிச்சுப் பயந்துட்டான்"ன்னு சொல்லிட்டு, மூஞ்சைத் திருப்பிகினு அழுதேன்.

பதினோரு நாள் இப்படியே ஓடுச்சு. பன்னெண்டாம் நாள் எனக்கு ஜுரம், வேலைக்குப் போவல. அதுக்கு அடுத்த நாள் போனா, பிளாட்பாரத்துல ஷீலாக்கா பேப்பரோட எனக்காகக் காத்துகினு இருந்தாங்க. பேனாவை என் கையில வெச்சாங்க.

"மாத்திக் குடு."

"எதைக்கா?"ன்னு ஒண்ணும் தெரியாத மாதிரி கேட்டேன்.

"மறுநாள் பேப்பர்ல பதில் வருதில்ல? அதுல மூணுதான் இருந்துச்சு. அன்னைக்கே தெரியும்டி."

"தெரிஞ்சுமா போட்டீங்க?"

"தீராதுன்னு தெரிஞ்சேதான் போட்டேன். நேத்து நீ வரல. நானே ஒரு நம்பரை மாத்திப் பார்த்தேன். எதை மாத்தினேன்னு எனக்குத் தெரியுதே, தாம்பரத்துலயே முடிஞ்சுபோச்சு." பேப்பரை நாலா மடிச்சாங்க. "குரோம்பேட்டை தாண்டி நிமிர்ந்துட்டேன். எம் புள்ள கெடந்த எடத்துல புல்லு மொளைச்சிருக்குடி."

தூரத்துல வண்டி ஹாரன் கேட்டுச்சு. ஷீலாக்கா பேப்பரைப் பிரிச்சு என்கிட்ட நீட்டிட்டு, நான் எதை மாத்தறேன்னு பாக்காம அந்தப் பக்கம் திரும்பி நின்னுகினாங்க.