ஆறு கால் ரோபோவும் ஓர் அனுமதியும்

அரசு ஊழியர் வெளியூர்ப் போட்டிக்கு அனுமதி கேட்டால், போட்டிக்கு முன்பே பதில் தர வேண்டும் என்பது விதி. கொல்லிமலைப் பள்ளியில் நான் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்தபோது, அங்கிருந்த அறிவியல் ஆசிரியர் அதை நம்பினார்.

ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் எப்போதும் மெழுகுவத்தி இருக்கும். சாயங்காலம் கரண்ட் போனால் அதை ஏற்றி ஆய்வகத் தரையில் வைப்பார். அவர் செய்த ஆறு கால் ரோபோ தத்தித் தத்திப் போய், குட்டி மின்விசிறியால் சுடரை அணைத்துவிடும். மறுபடியும் இருட்டு. பல நாள் அது சுவர் மூலையில் சிக்கி, நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைக்கும்.

கோவையில் நடக்கும் ரோபோ போட்டிக்குப் போக அனுமதி கேட்டு எழுதியிருந்தார். போட்டிக்கு முந்தின நாளும் பதில் வரவில்லை. ரோபோவை மடியில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க சார், சொல்லாமப் போயிட்டு வந்துருங்க" என்றேன்.

"ஆபீஸே இப்படிச் சொல்லலாமுங்களா?" என்று சிரித்தார். "இதுக்கே உத்தரவு இல்லாமக் கால் நகராதுங்க. எனக்கு மட்டும் நகருமா?"

கடைசி பஸ் கிளம்பிப் போனது. அவர் எழுந்திருக்கவில்லை.

அனுமதி வழங்கப்படுகிறது என்ற பதில், போட்டி முடிந்த மறுநாள் வந்து சேர்ந்தது.