கடைசி எண் ஆடுகிறதா?

என் பெரியம்மாவுக்கு வீட்டில் வைத்த பெயர் துல்லியம். மணி கேட்டால் பத்தேகால் என்று சொல்ல அவருக்கு வாயே வராது, "பத்து பதினாறு" என்பார். தொலைபேசி நிலையத்தின் சோதனை அறையிலிருந்து ஓய்வு பெற்றபோது, குப்பைக்குப் போகவிருந்த ஒரு பழைய ஃப்ரீக்வென்ஸி கவுண்டரைக் கேட்டு வாங்கி வந்தார். ஓர் அலை நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்று எண்ணிச் சொல்லும் இரும்புப் பெட்டி அது. பின்னறையைப் பிடித்துக்கொண்டு, மாடியில் ஒரு ஏரியல் கட்டி, செயற்கைக்கோள் அனுப்பும் துடிப்பை அதில் அளப்பார். எண் அசையாமல் நின்றால் அன்று முழுக்க முகத்தில் சிரிப்பு.

பெட்டியின் உயிர் உள்ளே ஒரு தகர டப்பாவில் இருக்கிறது. அதற்குள், எண்ணிக்கைக்குத் தாளம் போடும் ஒரு கிரிஸ்டல். ஒரே சூட்டில் வைத்தால்தான் ஒழுங்காகத் துடிக்கும் என்பதால், சுற்றிலும் ஒரு குட்டி ஹீட்டர் இரவு பகலாக ஓடும். பெட்டியின் மூடி எப்போதும் இதமாக இருக்கும் என்பதை வீட்டில் முதலில் கண்டுபிடித்தது பூனைதான். அதன் படுக்கை அங்கேதான்.

பெரியப்பாவுக்கோ அந்த அறைமேல் ஒரு கண். உட்கார்ந்த இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றை வாங்கித் தினமும் மிதிக்க வேண்டும் என்று டாக்டர் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதை வைக்க வேறு இடமில்லை.

ஒரு நாள் பூனை பெட்டியை விட்டு இறங்கிச் சமையலறையில் போய்ப் படுத்தது. பெரியம்மா மூடியைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. திரையில் எண்கள் கண்டபடி ஓடிக்கொண்டிருந்தன.

"போயிடுச்சா?" என்றார் பெரியப்பா. குரலில் துக்கம் மருந்துக்கும் இல்லை.

"சரி பண்ணிடுவேன்."

"ஞாயித்துக்கிழமை சைக்கிள் வருது. அதுக்குள்ள சரி பண்ணிட்டா ரூம் உனக்கு. இல்லன்னா எனக்கு. என்ன சொல்ற?"

"அதையும் பாத்துடலாம்!"

டப்பாவைத் திறந்து மீட்டர் வைத்துப் பார்த்ததில் குற்றவாளி சிக்கியது. தெர்மல் ஃபியூஸ். சூடு எல்லை மீறினால் தன்னையே அறுத்துக்கொண்டு மற்றவற்றைக் காப்பாற்றும் சின்னப் பொருள். கிழமாகி, காரணமே இல்லாமல் அறுந்திருந்தது. கடையில் தேடிப் பிடித்து இரண்டு வாங்கி வந்தார்.

முதல் ஃபியூஸைப் பற்றவைக்கும்போது பெரியப்பா முதுகுக்குப் பின்னால் நின்று டேப்பால் அறையை அளந்துகொண்டிருந்தார். பெரியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலில் சால்டரிங் அயனைக் கொஞ்சம் அதிகமாக அழுத்திவிட்டார். சூடு பட்டால் சாக வேண்டிய ஃபியூஸ், சூடு பட்டதும் கடமையைச் செய்து செத்தது. வாழ்நாள் முழுக்கப் பற்றவைத்தவர் செய்கிற காரியமா இது! நானாக இருந்தால் அந்த டேப்பைப் பிடுங்கி வெளியே எறிந்திருப்பேன்.

மிச்சம் ஒன்றே ஒன்று. இந்த முறை, அயனுக்கும் ஃபியூஸுக்கும் நடுவே ஃபியூஸின் கம்பிக்காலைக் குறட்டால் கவ்விப் பிடித்திருந்தால் சூடெல்லாம் குறட்டுக்குப் போய்விடும். ஆனால் ஒரு கையில் அயன், மறு கையில் ஈயம். மாடியில் குடியிருக்கும் என்னைத்தான் கூப்பிட்டார். எனக்குக் கை நடுங்கும் என்பது குடும்பத்துக்கே தெரியும். டார்ச் பிடிக்கச் சொன்னதற்கே வெளிச்சம் சுவரெல்லாம் ஓடியது.

பெரியம்மா பெருமூச்சு விட்டார். "ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க."

எதிரியின் கையிலேயே குறடு போனது. அவர் ஒரு நொடி தளர்த்தினால் போதும், அறை அவருக்கு. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெரியம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்?

புகை எழுந்தது. பெரியப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டார். பிடி நழுவிவிடுமோ என்று விரலைக் குறட்டின் நுனிவரை கொண்டுபோயிருந்தார், அங்கே சூடு ஏறியது. முகம் கோணியது. குறடு மட்டும் அசையவில்லை.

"விடலாமா?"

"பொறுங்க."

"சுடுதும்மா!"

"இன்னும் கொஞ்சம்... ம், விடுங்க."

மீட்டர் பீப் என்றது. ஃபியூஸ் உயிரோடு இருந்தது. பெரியப்பா விரலைக் குழாய்த் தண்ணீரில் காட்டிக்கொண்டிருக்க, பெரியம்மா பக்கத்தில் போய் நின்றார்.

"விட்டிருந்தா ரூம் உங்களுக்குத்தானே?"

"விட்டிருந்தா உன் மூஞ்சிய யாரு பாக்குறது?" என்று சிடுசிடுத்தார் அவர்.

பெரியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

சனிக்கிழமை பூனை பழைய இடத்துக்கு ஏறியது. ஞாயிற்றுக்கிழமை எண் ஆடாமல் நின்றது. ஜெயித்த கையோடு பெரியம்மா தாராளமாக, சைக்கிளைப் பின்னறையிலேயே, மேசையை ஒட்டிப் போடச் சொன்னார். பெரியப்பா பூரித்துப்போய், செய்தித்தாளோடு ஏறி மிதித்தார். மேசை லேசாக அதிர்ந்தது. அந்தக் கிரிஸ்டலுக்கு அதிர்வும் ஆகாது, கடைசி எண் குதிக்க ஆரம்பித்தது. போச்சு, சைக்கிளைத் தூக்கி வெளியே வைக்கச் சொல்லப்போகிறார் என்று பயந்தேன். பெரியம்மா எண்ணையும் மிதிக்கும் காலையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு சமையலறைக்குப் போனார். போகிறபோது பெட்டியை, திரை சமையலறையிலிருந்து தெரியும்படி திருப்பி வைத்தார்.

இப்போது தினமும் காலையில் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துக் குரல் கொடுக்கிறார்.

"என்னங்க, கடைசி எண் ஆடவே இல்லையே? பேப்பர் அப்புறம் படிக்கலாம், மிதிங்க!"