பதினோரு படங்களுக்கு ஒரே வரி

கம்பைநல்லூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கவிதையும் எழுதுகிறேன். இரண்டு தொகுப்பு வந்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கியவர்களைவிட நான் சும்மா கொடுத்து வாங்கிக்கொண்டவர்கள்தான் அதிகம். ஆனால் என் எழுத்தைச் சுற்றுவட்டாரமே படித்திருக்கிறது, நான் எழுதியது என்று தெரியாமலே. யாராவது தவறிவிட்டால் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு என் கடைக்குத்தான் வருவார்கள். படத்தைச் செல்போனில் அனுப்பிவிட்டு, "ரெண்டு வரி நல்லதா போட்டுடுங்க" என்பார்கள்.

அந்த ரெண்டு வரியில் எனக்கு ஏகப்பட்ட திமிர். மற்ற கடைகளில் 'மண்ணை விட்டு மறைந்தாலும்' வகையறாவைத்தான் எல்லோருக்கும் ஒட்டுவார்கள். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செத்த மனுசனுக்குப் புதுசாக ஒரு வாக்கியம் கொடுக்க வக்கில்லையா என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பொரிந்து தள்ளுவேன்.

போன வருசம் பக்கத்துக் கிராமத்து அக்கா ஒருவரின் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். அந்த அக்கா ஆதார், ரேஷன் கார்டு என்று எதையாவது ஜெராக்ஸ் எடுக்க அடிக்கடி வருவார். "கண்ணு, சாப்பிட்டியா?" என்று கேட்ட பிறகுதான் காகிதத்தை நீட்டுவார். பதினாறாம் நாள் காரியத்துப் பேனருக்காக ஒரு பகல் முழுக்க எழுதி எழுதி அடித்தேன். கடைசியில் ஒரு வரி நின்றது.

'நீங்கள் வைத்த நிழலில்தான் நாங்கள் இன்னும் நிற்கிறோம்.'

மரம் என்ற சொல்லே இல்லாமல் மரத்தைக் கொண்டுவந்துவிட்டேன் பார் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். தொகுப்புகளில் இருக்கிற எந்தக் கவிதையையும்விட அது நன்றாக இருந்தது. அதுதான் வினை.

வருசம் முடிகிற சமயத்தில் ஒருநாள் அக்கா கடைக்கு வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"ஏங்க, எங்க வூட்டுக்காரருக்கு எழுதுனத இன்னொருத்தருக்கும் எழுதிக் குடுத்தீங்களா?"

'கண்ணு' இல்லை. 'ஏங்க'! எனக்கு அதிலேயே பாதி உயிர் போய்விட்டது.

"எந்த வரி, அக்கா?" என்றேன். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். அந்த வரியை ஒரு சொல் பிசகாமல் மனப்பாடமாகச் சொன்னார்.

"நேத்து எங்கூரு பஸ் ஸ்டாப்புல கட்டியிருந்துச்சு. எழுத்துக்கூட்டிப் படிச்சேன். ஆருக்குன்னு தெரியுமா உங்களுக்கு? அந்த ஸ்டாப்புல இருந்த புங்கமரத்த பொக்லைன் வுட்டுச் சாய்ச்சாரே, அவருக்கு. எங்க வூட்டுக்காரரு போயி மூணே மாசத்துல, பிளாட்டுக்கு வழி வேணும்னு சாய்ச்சாரு. அந்த மரத்த வச்சதே எங்க வூட்டுக்காரருங்க. கொடத்துல தண்ணி சொமந்து சொமந்து ஊத்துனாரு."

சாமி சத்தியமாக எனக்கு அந்த மரமும் தெரியாது, வைத்தவரும் தெரியாது, வெட்டியவரும் தெரியாது.

"மரத்தப் பத்தி நான் உங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னதில்ல. பேனர்ல படிச்சப்ப ஒடம்பே சிலுத்துப்போச்சு. இந்தப் புள்ளைக்கு எப்படித் தெரிஞ்சுது, எழுதறவங்களுக்கு எல்லாந் தெரியும்போலன்னு ஒரு வருசமா நெனச்சிட்டு இருந்தேன். அவர நெனச்சுத்தான எழுதுனீங்க?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "ஏதோ ஒரு தடவ தவறுதலா போயிருக்கும்க்கா" என்று உளறிக்கொண்டே, அதை நிரூபிக்கிற மாதிரி கம்ப்யூட்டரில் அஞ்சலி போல்டரைத் திறந்தேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

திரை முழுக்க முகங்கள். அக்கா கவுண்டர் மேல் குனிந்து, விரல் வைத்து எண்ணினார். நானும் கூடவே எண்ணினேன். பதினொன்று. பதினோரு படத்துக்கும் கீழே அதே வரி. அடக் கடவுளே, பதினொன்றா? கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்து கிடந்தபோதெல்லாம் 'இந்த ஒரு தடவை மட்டும்' என்று எடுத்து ஒட்டியது நினைவிருந்தது. ஒவ்வொரு தடவையும் அது ஒரு தடவையாகத்தான் எனக்குத் தோன்றியிருக்கிறது. அதில் ஒரு பையன் இருபது வயதில் பைக்கிலிருந்து விழுந்து போனவன். அவன் யாருக்கு என்ன நிழல் வைத்தான்? அவனுடைய அப்பா அந்த வரியைப் படித்துவிட்டு என்ன நினைத்திருப்பார்? மற்ற கடைக்காரர்களைத் திட்டின வாய் எனக்கு உலர்ந்துபோனது.

"அக்கா, தெவசத்துக்குப் புதுசா எழுதித் தரேன். அவரப் பத்திச் சொல்லுங்க. அவருக்கு மட்டும் எழுதறேன், வேற ஆருக்கும் போவாது" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும்.

அக்கா திரையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டார். கோபம் போயிருந்தது. கோபமே இருந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"வேணாங்க. நீங்க நல்லாத்தான் எழுதறீங்க. அது ஆருக்கு வேணாலும் பொருந்துது. போட்டோ போடுங்க, பேரு போடுங்க, தேதி போடுங்க. போதும்."

அப்படியே போட்டேன். படத்துக்குக் கீழே வழக்கமாக வரி வருகிற இடம் வெள்ளையாகக் கிடந்தது. அச்சுக்கு அனுப்புகிற பட்டனை அமுக்க எனக்கு மனசே வரவில்லை; ஆனாலும் அமுக்கினேன்.

தெவசத்தன்று அவர்கள் ஊருக்குப் போயிருந்தேன். பஸ் ஸ்டாப்பில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அங்கே கட்டியிருந்த அக்கா வீட்டுக்காரரின் பேனரைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம், "இங்க இருந்த மரம் இவரு வச்சதுதான்" என்றார். பேனரில் அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அந்தப் போல்டரை அழித்துவிட்டேன். இப்போது ஒவ்வொருவருக்கும் அவர் வீட்டாரை உட்காரவைத்துக் கேட்டுத்தான் எழுதுகிறேன்; ஒன்றும் வராவிட்டால் வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன். அக்கா இன்றைக்கும் ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்குத்தான் வருகிறார். காகிதத்தை நீட்டுவதற்கு முன்னால் மறக்காமல் கேட்கிறார்.

"சாப்ட்டீங்களாங்க?"