மூன்றாவது கியர்

வேலையில் நான் ஓட்டும் கார்கள் எல்லாம் புத்தம் புதியவை. சீட்டில் பிளாஸ்டிக் உறை இருக்கும், உள்ளே பெயின்ட்டும் ரப்பரும் கலந்த ஒரு வாசனை இருக்கும். ஆனால் அவற்றில் ஒன்றைக்கூட நான் ரோட்டில் ஓட்டியதில்லை. ரயிலுக்குள்தான் ஓட்டியிருக்கிறேன்.

இதைச் சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. வடக்கே தொழிற்சாலைகளில் செய்த கார்கள் எங்கள் பக்கத்துக்கு ரயிலில் வருகின்றன. கார் ஏற்றுவதற்கென்றே செய்த பெட்டிகளும் உண்டு. ஆனால் எங்களுக்கு வருபவை பெரும்பாலும் பழைய பயணிகள் பெட்டிகள். ஆட்களை ஏற்றி ஏற்றி ஓய்ந்த பெட்டியில் சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு, ஜன்னல்களைத் தகரத்தால் அடைத்து, இரண்டு முனைகளையும் வெட்டிப் பெரிய கதவு வைத்துவிடுவார்கள். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் இரும்புப் பலகை போட்டால் முழு ரயிலும் ஒரே சந்து ஆகிவிடும். கடைசிப் பெட்டியில் இருக்கும் கார், எல்லாப் பெட்டிகளையும் கடந்து வந்துதான் சரிவுப் பலகையில் இறங்க வேண்டும்.

அந்தச் சந்தில் ஓட்டுவதுதான் என் வேலை. சக்கரம் உருளாமல் அணை வைத்த கட்டைகளை எடுத்துவிட்டு, பக்கக் கண்ணாடி இரண்டையும் மடக்க வேண்டும். மடக்காவிட்டால் சுவரில் உரசும். கார்க் கதவு ஒரு சாண்தான் திறக்கும். அந்த இடைவெளியில் உடம்பைத் திருப்பி உள்ளே போக வேண்டும். நான் ஒல்லி. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு உடம்பு வாங்கிக் கொடுத்த வேலை இது. ரயில் முழுக்க முதல் கியர். இறங்கியபின் கார்களை நிறுத்தும் மைதானம் வரை இரண்டாவது. அதற்கு மேல் போட இடமில்லை.

மகள் நர்சிங் சேர்ந்த வருடம் என் மனைவி துபாய்க்குப் போனாள். அங்கே ஒரு வீட்டில் சமையல் வேலை. கார் ரயில் வரும் நாட்களில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்வாள்.

"இன்னைக்கு என்ன கலருங்க?"

"வெள்ளைதான் நெறைய. செவப்பு நாலஞ்சு இருக்கு."

"ஒரு செவப்ப எனக்கு எடுத்து வைங்க."

"எங்க வைக்க? கோழிக் கூட்டுக்குள்ளயா?"

அவள் சிரிப்பாள். "நேர்ல இருக்கப்ப இம்புட்டுப் பேசுனதில்லையே நீங்க" என்பாள். உண்மைதான். எனக்கு ஆள் எதிரில் இருந்தால் பேச்சு வராது.

ஒருநாள் பெட்டிச் சுவரில் பழைய சீட் எண் ஒன்று பெயின்ட் பூசியும் மறையாமல் இருந்தது. பக்கத்தில் தகரம் அடைத்த ஜன்னல். அதை அவளிடம் சொன்னேன். கல்யாணம் ஆன புதிதில் வேளாங்கண்ணிக்குப் போனபோது இதேபோல ஒரு பெட்டியில்தான் போனோம். அவள் ஜன்னலோரம், நான் எதிரில்.

"திருச்சி வரைக்கும் வாயத் தொறக்கல. திருச்சியில 'டீ வேணுமா'ன்னீக. அம்புட்டுத்தான்" என்றாள்.

ஒருவழியாக அவளுக்கு ஒரு மாதம் லீவு கிடைத்தது. மதுரையில் விமானம் இறங்கும் என்றாள்.

"வேன் புடிச்சு ஆள் அனுப்பாதீங்க. நீங்களே ஓட்டிட்டு வாங்க. ஒங்க பக்கத்துல உக்காந்து வரணும்."

சரி என்று சொல்லிவிட்டேன். லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் ரோடு?

என்னோடு வேலை செய்யும் கூட்டாளி அவன் மச்சானின் பழைய காரை இரவல் வாங்கி வந்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் வத்தலக்குண்டு ரோட்டுக்குப் போனோம். நான் ஏறினேன், பழக்கத்தில் கண்ணாடிகளை மடக்கினேன், முதல் கியரில் கிளம்பினேன். பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. ஏன் அடிக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. சைக்கிளில் தீவனக் கட்டு வைத்திருந்த ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார்.

"ஏலே மாப்ள, கண்ணாடிய விரிடா! பொட்டிக்குள்ளயா போறோம்?" என்று கத்தினான் கூட்டாளி. "அந்தாளு வீட்டுக்குப் போயி மாட்டுக்குத் தீவனமே போட்ருப்பாரு. மூணு போடு!"

போட்டேன். சட்டென்று சத்தம் குறைந்து வண்டி லேசானது. இருபுறமும் தென்னைகள் பின்னால் ஓடின. இத்தனை வருடமும் புதுக் கார்களை அலறவிட்டே ஓட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"இது நல்லா இருக்கு" என்றேன்.

"இருக்கும்டா. அதுக்குத்தான் காரு வாங்குறாய்ங்க."

அவள் வந்த அன்று காலையில், அந்தக் காரைக் கழுவி எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். இளைத்திருந்தாள். முன்சீட்டில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். நாலு வழிச்சாலையில் ஏறியதும் நான்காவது கியரே போட்டேன். கண்ணாடியை இறக்கி, தலைமுடி பறக்கப் பறக்கச் சிறுமலை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தாள்.

"டீ வேணுமா?" என்று கேட்டேன்.

"இன்னும் அதே பேச்சுதானா?" என்றாள். ஆனாலும் வாடிப்பட்டி தாண்டி நிறுத்திக் குடித்தோம்.

ஒரு மாதம் போனதே தெரியவில்லை. மகள் வந்து இருந்துவிட்டு விடுதிக்குத் திரும்பினாள். பிறகு இவளுக்கும் துபாய் திரும்பும் நாள் வந்தது. அதே காரை மறுபடி வாங்கி வந்தேன். அவளும் அதே முன்சீட்டில் உட்கார்ந்தாள். சின்னாளபட்டி வரை ஒழுங்காகத்தான் ஓட்டினேன். அப்புறம் என்னையறியாமல் கை பின்னுக்குப் போய் இரண்டாவது கியருக்கு வந்துவிட்டது. லாரிகள் ஹாரன் அடித்து விலகிப் போயின.

"ஏங்க, ரயிலுக்குள்ளயா போறோம்?" என்றாள்.

நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

"மூணு போடுங்க. நேரமாகுது."

போட்டேன். அம்மையநாயக்கனூர் தாண்டியதும் மறுபடி இரண்டாவதுக்கு வந்துவிட்டேன். அவள் என் கையைப் பார்த்தாள். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அப்படியே போனோம். நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தோம்.

போன வாரம் கார் ரயில் வந்தது. உள்ளே நுழைந்து, காலி முன்சீட்டின் மேல் சாய்ந்து கையை நீட்டி இடப்பக்கக் கண்ணாடியை மடக்கினேன். என் எடையில் பிளாஸ்டிக் உறை நொறுநொறுத்தது. மதியம் போன் வந்தது.

"என்ன கலருங்க?"

"வெள்ளை. சாம்பல்."

"செவப்பு இல்லையா?"

"ஒன்னே ஒன்னு இருக்கு. கடைசிப் பொட்டியில."

"அப்ப அதை மட்டும் மெதுவா எறக்குங்க."

எல்லாக் கார்களும் போனபின் அதை எடுத்தேன். முதல் கியரில், எந்த அவசரமும் இல்லாமல், அடைத்த ஜன்னல்களை ஒவ்வொன்றாகக் கடந்து வந்தேன். சரிவுப் பலகையில் நின்ற கூட்டாளி, "ஏலே, வண்டி ஓடுதா இல்லையாடா?" என்று கத்திக்கொண்டிருந்தான்.