கழுவி வந்த டிபன் பாக்ஸ்

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. திண்டுக்கல்லில் குடியிருந்தோம். என் கணவருக்கு இருபத்தேழு வயது. சின்னாளபட்டியில் ஒரு சேலைக் கடையில் பில் போடும் வேலை. நான் கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டோடு காலையில் டவுன் பஸ் ஏறுவார். சாயங்காலம் டிபன் பாக்ஸ் காலியாக, சோப்பு வாசனையோடு திரும்பும். கழுவிக் கொண்டுவரச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. ராத்திரி ரெண்டு வாய்க்கு மேல் சாப்பிடமாட்டார். மதியம் தின்றதே வயிற்றில் நிற்கிறது என்பார். வேறு யாரோ ஒருத்தி சோறு போடுகிறாள் என்று முடிவுகட்டினேன். ஆள் இளைத்ததற்கும் அந்தக் கள்ளத்தனமே காரணம் என்று நினைத்தேன். சட்டையை மோந்தேன், போனைத் துழாவினேன்.

ஒருநாள் மதியம் சொல்லாமல் கிளம்பிப் போனேன். தினமும் பாக்ஸோடு வெளியே போய்விடுவார் என்றார் கடைக்காரர். கடைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் என் கணவர் இருந்தார். என் சாம்பார் சாதத்தை ஒரு நாய் தின்றுகொண்டிருந்தது.

"ரெண்டு வாய்லயே வயிறு ரொம்பிருது. அப்படியே கொண்டாந்தா நீ வருத்தப்படுவன்னுதான்."

"எத்தன நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

மலம் கறுப்பாகப் போவதையும் அப்போதுதான் சொன்னார்.

மறுநாளே டாக்டரம்மாவிடம் போனோம். உடம்பில் ரத்தம் மிகவும் குறைந்திருந்தது. குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பைக்குள் ஒரு புடைப்பு தெரிந்தது. கிள்ளி எடுத்த சதையில் புற்றுநோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. மாமியார் சாமிக்கு நேர்ந்துகொண்டார். டாக்டரம்மா அடுத்த டெஸ்ட் என்றதும், காசுக்காக வேண்டுமென்றே இழுக்கிறார்கள் என்றார் கொழுந்தனார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "கிள்ளுனது மேல்தோல்ல. கட்டி அதுக்கு அடியில இருக்கு. எனக்குச் சந்தேகம் தீரலம்மா."

அந்தப் பேச்சு எனக்குப் புரிந்தது. மதுரைக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே ஊசி விட்டு எடுத்த சதையில் தெரிந்துவிட்டது. இரைப்பைச் சுவரின் தசையில் முளைக்கிற அபூர்வமான புற்றுநோய். இந்த வயதில் இன்னும் அபூர்வமாம். கட்டியோடு இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். தையல் ஆறுவதற்குள், நான் அன்று சொல்லாமல் கடைக்கு எதற்காக வந்தேன் என்பதைச் சொல்லிவிட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மூன்று வருஷத்துக்குத் தினமும் ஒரு மாத்திரை. அதனால் காலையில் கண்ணைச் சுற்றி வீங்கியிருக்கும். அழுதாரா என்று பக்கத்து வீட்டக்கா என்னிடம் ரகசியமாகக் கேட்பார். எனக்கும் சில நாள் அந்த எண்ணம் வரும்.

போன மாதம் எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார் டாக்டரம்மா.

"நல்லாப் பாத்தீங்களா?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. திரையை என் பக்கம் திருப்பி, முதலிலிருந்து காட்டத் தொடங்கினார்.